கணினிப் பத்தியக்காரர்

கணினியில் எதையும் புதிதாக நிறுவாமல் இருப்பதே அதன் ஆயுளுக்கு நல்லது என்று உறுதியாக நம்பி, அந்த நம்பிக்கையைத் தம் வீட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் தெருவுக்கும் உறவு வட்டத்துக்கும் அலுவலகத்துக்கும் சேர்த்து நடைமுறைப்படுத்துகிறவரைக் கணினிப் பத்தியக்காரர் எனலாம். சித்த வைத்தியர் மருந்து கொடுக்கும் முன்பே புளியையும் கத்தரிக்காயையும் கருவாட்டையும் விலக்கச் சொல்வதைப் போல, இவரும் கணினியின் கோளாறு என்னவென்று கேட்பதற்கு முன்பே விலக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுவார்; அந்த விலக்குப் பட்டியலில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது டாட்நெட் ஃபிரேம்வொர்க். பத்தியக்காரர் கணினியியல் படித்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வங்கி எழுத்தராகவோ, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியராகவோ, ஜெராக்ஸ் கடை முதலாளியாகவோ இருக்கலாம். 1990களின் இறுதியில் ஒரு தடவை யார் உதவியும் இல்லாமல் விண்டோஸ் 98ஐ நிறுவியிருந்தால் போதும், அந்தத் தகுதி ஆயுளுக்கும் செல்லும்.

இவர் அஞ்சும் பொருள் எது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். டாட்நெட் ஃபிரேம்வொர்க் என்பது மைக்ரோசாஃப்ட் 2002 பிப்ரவரியில் வெளியிட்ட ஓர் இயக்கச்சூழல். அதாவது, தானாக எந்த வேலையும் செய்யாமல், பிற மென்பொருள்கள் ஓடுவதற்குத் தேவையான தளமாக மட்டும் இருப்பது. இதை நம்பி எழுதப்படும் மென்பொருள், கணினியின் செயலிக்கு நேரடியாகப் புரியும் கட்டளைகளாக வராமல் ஓர் இடைநிலை மொழியில் வருகிறது. ஓடும் நேரத்தில் அதைச் செயலியின் மொழிக்கு மாற்றுவது, நினைவகத்தில் இடம் ஒதுக்கித் தருவது, பயன்பாடு முடிந்த இடத்தைத் தேடி மீட்பது, சாளரம், பொத்தான், கோப்பு, இணையத் தொடர்பு போன்றவற்றுக்கான ஆயத்த நிரல்களை வழங்குவது ஆகிய அனைத்தும் இயக்கச்சூழலின் பொறுப்பு. விண்டோஸ் எக்ஸ்பி இதற்குச் சில மாதங்கள் முன்னதாக, 2001இலேயே வெளிவந்துவிட்டதால், வீடுகளுக்கு வந்த சாதாரண எக்ஸ்பியில் இது இருக்கவில்லை; தேவைப்படுகிறவர் தனியே இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. 1.1 பதிப்பின் அளவு ஏறத்தாழ 23 மெகாபைட். இன்று ஒரு திருமணப் புகைப்படத்தொகுப்பில் கால்வாசிக்கும் வராத இந்த அளவு, தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்த காலத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பிடிக்கும். அவ்வளவு நேரமும் வீட்டுத் தொலைபேசி எங்கேஜ்டாகவே இருக்கும். ஆகவே, கணினிக்குள் நுழையும் முன்பே டாட்நெட் வீட்டாரின் பகையைச் சம்பாதித்துக்கொண்டது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பத்தியக்காரர் நோயறியும் முறை தனிச் சிறப்புடையது. நாற்காலியில் அமர்ந்ததும் திரையின் காலியான இடத்தில் வலப்பக்கம் சொடுக்கி ரிஃப்ரெஷ் கொடுப்பார். ஒரு தடவை கொடுத்து நிறுத்துவதில்லை, கை ஓயும்வரை கொடுப்பார். முகப்பில் உள்ள படக்குறிகளை மறுபடி வரைவதற்கு மேல் அந்தக் கட்டளை எதையும் செய்வதில்லை என்றாலும், அவை ஒரு கணம் மறைந்து மின்னித் தோன்றும்போது உள்ளே ஏதோ சுத்தமானது என்ற நிறைவு அவருக்கும் சுற்றி நிற்பவர்களுக்கும் உண்டாகிறது. அடுத்து ரன் பெட்டியில் ப்ரீஃபெட்ச் என்று தட்டி, திறக்கும் கோப்புறையில் உள்ளவற்றை மொத்தமாகத் தேர்ந்து அழிப்பார். மென்பொருள்களைச் சீக்கிரம் தொடங்குவதற்காக எக்ஸ்பி தானே எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்புகள் அவை. அழித்த பின் எல்லாமே மெதுவாகத் தொடங்கும். அந்தத் தாமதத்தை யார் கணக்கில் எழுதுவது என்பதில் பத்தியக்காரருக்குக் குழப்பமே வருவதில்லை.

“அண்ணே, சிஸ்டம் ஒரு வாரமா ஹேங் ஆகுது.”

“டாட்நெட் போட்டியா?”

“நான் போடலை அண்ணே. அப்டேட்ல தானா வந்திருக்கு.”

“தானா வர்றது எது தம்பி நல்லதுக்கு வந்திருக்கு?”

இந்த உரையாடலுக்குப் பின் கன்ட்ரோல் பேனலில் நிறுவப்பட்ட மென்பொருள்களின் பட்டியல் திறக்கப்படும். 2009, 2010 காலத்து எக்ஸ்பி கணினியாக இருந்தால் 1.1, 2.0, 3.0, 3.5 என்று டாட்நெட்டின் பெயர் நான்கு வரிகளில், அவற்றுக்கான திருத்தங்கள் தனி வரிகளில் என்று அடுக்காக நிற்கும்; பத்தியக்காரர் அதைச் சுட்டிக்காட்டி, சுற்றி நிற்பவர்களைத் திரும்பிப் பார்ப்பார். ஒரே பொருளை நான்கு தடவை நிறுவியிருக்கும் அக்கிரமம் கண்ணெதிரே இருக்கும்போது வேறு சான்று எதற்கு? உண்மையில் 3.0, 3.5 ஆகிய இரண்டும் 2.0இன் இயக்கியையே, அதாவது நிரலை ஓட்டும் உட்பகுதியையே, அடித்தளமாகக் கொண்டு, மேலே சில ஆயத்த நிரல்களை மட்டும் சேர்த்தவை. 2010இல் வந்த 4 பதிப்புதான் தனக்கென்று புது இயக்கியோடு வந்தது. இதன் விளைவாக, 4 நிறுவிய கணினியிலும் 3.5ஐ நம்பி எழுதிய மென்பொருள் பொதுவாக 3.5ஐத்தான் கேட்கும். “பெரிய நம்பர் இருக்கும்போது சின்ன நம்பரைக் கேக்குற சாஃப்ட்வேரை நம்பவே கூடாது” என்ற பத்தியக்காரரின் தீர்ப்பு, எண் வரிசையைப் பற்றிய பொது அறிவின்படி சரியே. பெயர் சூட்டிய நிறுவனத்துக்கும் இந்தக் குழப்பத்தில் பங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

பத்தியக்காரரின் அச்சத்துக்கு வரலாற்று வேர் இருக்கிறது என்பதால் அதை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது முறையாகாது. விண்டோஸ் 95, 98 காலத்தில், பல மென்பொருள்கள் பொதுவில் பயன்படுத்தும் நிரல் கோப்புகள், டி.எல்.எல். எனப்படுபவை, இயங்குதளத்தின் ஒரே கோப்புறையில் கிடந்தன. புதிதாக நிறுவப்படும் மென்பொருள் தன்னோடு கொண்டுவந்த டி.எல்.எல். கோப்பை ஏற்கெனவே இருந்ததன் மேல் எழுதிவிடும். அது பழைய பதிப்பாக இருந்தால், அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வேறொரு மென்பொருள் மறுநாள் காரணம் சொல்லாமல் நின்றுபோகும். நிரலாளர்களே இதை டி.எல்.எல். நரகம் என்று அழைத்தார்கள். விளையாட்டு ஒன்றை நிறுவியதால் அலுவலகக் கணக்கு மென்பொருள் படுத்துக்கொண்டதைக் கண்ணால் கண்ட தலைமுறை, புதிதாக எதையும் உள்ளே விடாதே என்ற முடிவுக்கு வந்ததில் தவறில்லை. வேடிக்கை என்னவென்றால், டாட்நெட்டை வடிவமைத்தவர்கள் தீர்க்க முற்பட்ட சிக்கல்களுள் முதன்மையானதே இதுதான். அதன் ஒவ்வொரு பெரிய பதிப்பும் விண்டோஸ் கோப்புறைக்குள் தனித்தனி உட்கோப்புறையில் அமர்கிறது. பொதுவில் பயன்படும் நிரல்களும் பெயரோடு பதிப்பெண்ணையும் சேர்த்தே அடையாளம் காணப்படுவதால், ஒன்று மற்றொன்றின் மேல் ஏறி உட்காருவதற்கு இடமில்லை. ஆனால் 4.5 பதிப்பு 2012இல் வந்தபோது 4இன் இடத்திலேயே அமர்ந்து அதை மாற்றியது. அந்தச் சந்தர்ப்பத்தில் பத்தியக்காரர் எச்சரித்திருந்தால் நிரலாளர்களே காது கொடுத்திருப்பார்கள். ஆனால் அப்போது அவர் வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்றுக்கு அருகிலேயே இன்னொன்றை நிறுவுவதில் முனைப்பாக இருந்தார்.

இயக்கச்சூழலை நிறுவியதால் கணினி நீலத்திரை காட்டி விழுந்தது என்ற குற்றச்சாட்டைத் தனியே ஆராய வேண்டும். நீலத்திரை என்பது இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலில் மீட்க முடியாத பிழை நேரும்போது விண்டோஸ் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் நிலை. டாட்நெட் மென்பொருள்களும் அவற்றைத் தாங்கும் இயக்கியும் கெர்னலுக்கு வெளியே, பயனர் நிலை எனப்படும் அடுக்கில் ஓடுகின்றன. அங்கே ஒரு மென்பொருள் விழுந்தால் அது மட்டுமே விழும். நீலத்திரைக்குக் காரணம் பெரும்பாலும் சாதனங்களை இயக்கும் டிரைவர்களாகவோ, பழுதான ரேமாகவோ, மிகுந்த வெப்பமாகவோ இருக்கும். 2000களின் முற்பகுதியில் வந்த பல மதர்போர்டுகளில் தரம் குறைந்த மின்தேக்கிகள் இருந்ததும், அவை இரண்டு மூன்று ஆண்டுகளில் தலை உப்பி, பழுப்பு நிறத் திரவம் கசிந்து, மின்னழுத்தத்தை நிலையாக வைத்திருக்க முடியாமல் கணினியைத் தள்ளாட விட்டதும் உலகறிந்த செய்தி. கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் செயலியின் அருகே வரிசையாக நிற்கும் அந்த உருளைகளில் இரண்டு உப்பியிருப்பது டார்ச் இல்லாமலே தெரியும். விசிறியின் இதழ்களில் படிந்த தூசி விரலில் திரியாக உருண்டு வரும். பத்தியக்காரர் பக்கத் தகட்டைக் கழற்றுவதில்லை. சட்டையில் தூசி படும் என்பது ஒரு காரணம். டாட்நெட் திரையிலேயே அகப்பட்டுவிட்ட பிறகு உள்ளே தேடுவானேன் என்பது இன்னொன்று. காக்கை உட்கார்ந்த கிளையைக் கண்டுபிடித்தவருக்குப் பனம்பழத்தின் காம்பு அழுகியிருந்ததா என்று பார்க்க வேண்டிய தேவை எழுவதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, எதிர்த்தரப்பின் குறைகளை மறைப்பது நேர்மையாகாது. எக்ஸ்பி கணினியில் கடவுச்சொல் இல்லாத ஒரே ஒரு பயனர் மட்டும் இருந்தால், பொத்தானை அழுத்தியதும் கேள்வி கேட்காமல் முகப்புத் திரை வந்து நிற்கும்; வீட்டுக் கணினிகளில் பெரும்பாலானவை அப்படித்தான் இருந்தன. டாட்நெட் 1.1ஐ நிறுவிய மறுநாள், அதே கணினி வரவேற்புத் திரையோடு நின்று, யார் என்று பெயரைச் சொடுக்கச் சொல்லும். பயனர் கணக்குகளின் பட்டியலைத் திறந்தால், வீட்டில் யாரும் உருவாக்காத ஏ.எஸ்.பி.நெட் என்ற புதுக் கணக்கு ஒன்று, கடவுச்சொல்லோடு அங்கே குடியேறியிருக்கும். இணையப் பக்கங்களை வழங்கும் சர்வராகக் கணினியைப் பயன்படுத்தினால், அந்தப் பக்கங்களின் நிரல் குறைந்த அதிகாரத்தோடு ஓடுவதற்காக உருவாக்கப்பட்ட பாதுகாப்பான கணக்கு அது. ஆனால் பிள்ளையின் மார்க் ஷீட்டைத் தட்டச்சு செய்வதற்காக வாங்கிய கணினியில் அதற்கு என்ன வேலை என்று மைக்ரோசாஃப்ட் யாரிடமும் விளக்கவில்லை. தகவல் பத்தியக்காரருக்குப் போனது. “வெளியாள் ஒருத்தன் உள்ளே உக்காந்திருக்கான், பாஸ்வேர்டு வேற வச்சிருக்கான்” என்று அவர் அறிவித்தபோது, சொல்லளவில் அவர் கூறியதில் பொய்யே இல்லை. ஒரு பிற்பகல் முழுதும் அந்த வீட்டில் யாரும் வங்கிக் கடவுச்சொல்லை உரக்கச் சொல்லவில்லை. அழித்தாலும் வீட்டுப் பயன்பாட்டுக்கு நட்டமில்லாத அந்தக் கணக்கை அழித்த மாலையில் அவருக்கு மரியாதையோடு காப்பி வந்தது.

இரண்டாவது குறை, நிறுவிய பின் சிறிது நேரம் கணினி உண்மையாகவே மந்தமாவது. டாட்நெட்டையோ அதன் திருத்தத்தையோ நிறுவியதும், அதன் நிரல் தொகுப்புகளை அந்தக் கணினியின் செயலிக்கு ஏற்ற கட்டளைகளாக முன்கூட்டியே மாற்றி வைக்கும் வேலை பின்னணியில் நடக்கும். டாஸ்க் மேனேஜரில் எம்.எஸ்.கோர்.எஸ்.வி.டபிள்யூ என்ற, உச்சரித்தாலே வைரஸ் போல ஒலிக்கும் பெயரில் அது தென்படும். செயலியின் பெரும் பகுதியை எடுத்துக்கொண்டு ஓடும் அதை, சற்று நேரம் விட்டுவிட்டால் தானே முடித்துக்கொண்டு போய்விடும். பத்தியக்காரர் விடுவதில்லை. எண்ட் ப்ராசஸ் கொடுத்து அதைக் கொல்கிறார். அது அரைகுறை வேலையோடு நின்று, பிறிதொரு நாள் மிச்சத்தை முடிக்க மீண்டும் எழுகிறது. கொன்றும் சாகாதது அதன் தீய இயல்புக்குச் சான்றாகிறது. 2009 பிப்ரவரியில் 3.5இன் திருத்தத் தொகுப்போடு ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்குள் ஒரு நீட்சியும் கேட்காமலே வந்து சேர்ந்ததும், அதை நீக்கும் பொத்தான் செயலிழந்து சாம்பல் நிறத்தில் கிடந்ததும், அவ்வாண்டு அக்டோபரில் மொசில்லாவே அதைத் தடைப்பட்டியலில் சேர்த்ததும் பத்தியக்காரர் மரபில் பொன்னெழுத்துகளில் பொறிக்கத்தக்க நிகழ்வுகள். அவற்றை அவர் அறியாமற் போனதுதான் சோகம். அறிந்திருந்தால் அவரது வாதத்துக்கு முதன்முறையாக ஓர் ஆதாரம் கிடைத்திருக்கும்.

2008க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டையும் இங்கே குறிப்பிட வேண்டும். டாட்நெட்டை நிறுவ எடுக்கும் நேரம் கணிசமானது; யு.பி.எஸ். பேட்டரி உயிரோடு இல்லாத கணினியில், பச்சைக் கோடு முக்கால்வாசி நகர்ந்திருக்கும்போது மின்சாரம் போனால், பாதி எழுதிய பதிவுகளோடு அது நின்றுவிடும். அதன்பின் மீண்டும் நிறுவினாலும் ஏற்காது, நீக்கினாலும் நீங்காது, ஒவ்வொரு மாத அப்டேட்டும் அதே இடத்தில் தோல்வியடைந்து மறுபடி தொடங்கும். இத்தகைய சேதத்தைத் துடைப்பதற்கென்றே தனிக் கருவி ஒன்று புழக்கத்தில் இருந்தது என்பதிலிருந்து இது அரிதான அனுபவம் அல்ல என்று தெரிகிறது. டாட்நெட் கணினியின் நிலைத்தன்மையைக் குலைக்குமா என்ற கேள்விக்கு நேரடியான விடை சொல்வதானால், முழுமையாக நிறுவப்பட்ட இயக்கச்சூழல், தன்னைக் கேட்கும் மென்பொருள் ஓடாதவரை வட்டில் சில நூறு மெகாபைட் இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா கிடக்கிறது. கேட்கும் மென்பொருள் ஓடும்போது அந்த மென்பொருளின் நினைவகத்துக்குள்ளேயே ஏற்றப்படுகிறது; 256 மெகாபைட் ரேம் உள்ள கணினியில் அத்தகைய இரண்டு மூன்று மென்பொருள்களைச் சேர்த்துத் திறந்தால் வட்டு கரகரவென்று ஓடத் தொடங்குவதும் மெய்தான். அரைகுறையாக நிறுவப்பட்டதே தொல்லை தருவது.

இனி, பத்தியம் தவறாமல் காக்கப்பட்ட கணினியில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். டாட்நெட் தேவைப்படும் மென்பொருளை அது இல்லாத எக்ஸ்பியில் திறந்தால், டாட்நெட் இல்லை என்று விண்டோஸ் நேராகச் சொல்வதில்லை. மென்பொருள் சரிவரத் தொடங்கவில்லை என்று கூறி 0எக்ஸ்சி0000135 என்ற எண்ணைக் காட்டும். தேவையான டி.எல்.எல். கோப்பு அகப்படவில்லை என்பதற்கான குறியீடு அது. பத்தியக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக அதைப் படித்து, ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு, சற்று யோசித்து, “ரேம் போயிருக்கு” என்பார். ரேம் மாற்றப்படும். எண் மாறாது. அடுத்து ஹார்ட் டிஸ்க் சந்தேகத்துக்குள்ளாகும். இறுதியில் ஃபார்மேட் போடப்படும். பத்தியக்காரரின் எல்லா வைத்தியமும் வந்து முடியும் துறை அதுவே. வீட்டாரின் புகைப்படங்கள் டி டிரைவில் இருந்தால் பிழைக்கும். சி டிரைவில், மை டாக்குமென்ட்ஸில் இருந்தால் அவற்றைப் பற்றிப் பின்னர் யாரும் பேசுவதில்லை.

இவ்வினத்தின் தீவிரர்கள், பத்தியத்தை விண்டோஸுக்கே விதித்தவர்கள். நிறுவும் குறுந்தகட்டிலிருந்தே வேண்டாத பகுதிகளை வெட்டியெடுத்து, இளைத்த எக்ஸ்பி ஒன்றைத் தயாரித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவர்கள் இவர்கள். டிரைவர்களும் மொழிகளும் உதவிக் குறிப்புகளும் அச்சுப்பொறிச் சேவையும் அகற்றப்பட்ட அந்த எக்ஸ்பி மின்னல் வேகத்தில் தொடங்கும். பிரிண்ட் மட்டும் வராது. வெட்டுவதற்கு இவர்களில் பலரும் பயன்படுத்திய கருவியின் பெயர் என்லைட். டாட்நெட் 2.0 இல்லாமல் என்லைட் ஓடாது. எனவே, டாட்நெட் தீண்டாத தூய எக்ஸ்பியை உருவாக்க வேண்டுமானால், முதலில் ஏதேனும் ஒரு கணினியில் டாட்நெட்டை நிறுவியாக வேண்டும். தீவிரர்கள் இந்தப் பாவத்தைத் தம் சொந்தக் கணினியில் செய்யவில்லை. மைத்துனரின் கணினியில் செய்தார்கள்.

2007 தொடக்கத்தில் கடைகளுக்கு வந்த விஸ்டாவில் டாட்நெட் 3.0 இயங்குதளத்தின் பகுதியாகவே சேர்ந்து வந்தது; 2009இன் விண்டோஸ் 7இல் 3.5உம், 2012இன் விண்டோஸ் 8இல் 4.5உம் அவ்வாறே. நிறுவப்பட்ட மென்பொருள்களின் பட்டியலில் அதற்கென்று தனி வரி தென்படாததால், பத்தியக்காரர் விண்டோஸ் 7ஐ மனமாரப் பாராட்டினார். டாட்நெட் போன்ற குப்பை எதுவும் இல்லாததால்தான் அது இவ்வளவு நிலையாக ஓடுகிறது என்று பலருக்கும் எடுத்துரைத்தார். விண்டோஸ் 10இல் பழைய கணக்கு மென்பொருள் ஒன்று 3.5ஐக் கேட்டு, விண்டோஸ் தன் வசதிப் பட்டியலில் அதற்குக் குறியிடச் சொன்னபோதுதான் அவருக்கு மறுபடி ஐயம் எழுந்தது. அப்போதும் அதே பட்டியலில் 4.6 ஏற்கெனவே குறியிடப்பட்டு இருப்பதை அவர் கவனித்து, குறியை எடுத்துவிட்டு, கணினியை மறுதொடக்கம் செய்து, பின் ஏன் சில பொருள்கள் திறக்கவில்லை என்று அப்டேட்டைக் கடிந்துகொண்டார்.

2016க்குப் பிறகு நிலைமை அவருக்குச் சாதகமாகத் திரும்பியிருக்கிறது. புதிய தலைமுறை டாட்நெட்டில், மென்பொருள் எழுதுகிறவர் விரும்பினால் இயக்கச்சூழல் முழுவதையும் தம் மென்பொருளின் கோப்புறைக்குள்ளேயே வைத்து அனுப்பிவிடலாம். பயனர் தனியே எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஒரு பெட்டியும் ஒரு பொத்தானும் மட்டுமே உள்ள சின்ன மென்பொருளும் இதனால் அறுபது எழுபது மெகாபைட்டுக்கு மேல் கனக்கும். அத்தகைய நான்கு மென்பொருள்கள் இருந்தால் ஒரே இயக்கச்சூழலின் நான்கு பிரதிகள் வட்டில் அருகருகே படுத்திருக்கும். எக்ஸ்பி காலத்துப் பட்டியலில் நான்கு வரிகளைக் கண்டு கொதித்தவருக்கு, இன்று மெய்யாகவே நான்கு தடவை நிறுவப்பட்டிருப்பது கண்ணில் படுவதற்கு வழியில்லை. அவர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை நிதானமாக உருட்டிப் பார்த்து, டாட்நெட் என்ற பெயர் எங்கும் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, நாற்காலியில் சாய்கிறார்.

“பாத்தீங்களா? எழுதினா இப்படி எழுதணும். எக்ஸ்ட்ரா ஒண்ணும் கேக்கலை பாருங்க.”